ரிமோட்டே போதும்

வைகுண்டராஜனுக்குப் பேச வராது என்று யாராவது சொன்னால் குலசேகரம் சந்தையில் உள்ளவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். மனிதர் வாய் ஓயாதவர். ரப்பர் தடி, அதாவது வெட்டிய ரப்பர் மரம், ஏற்றும் ஆட்களிடம் பேசுவார். களியக்காவிளையில் வண்டியை மறிக்கும் போலீஸ்காரரிடம் மலையாளத்தில் குடும்ப விசேஷம் விசாரிப்பார். பெரும்பாவூரில் பிளைவுட் கம்பெனி வாசலில் வரிசை போட்டுத் தூங்கும் லாரிக்காரர்களைத் தட்டி எழுப்பிப் பேசுவார். ஆள் கிடைக்காவிட்டால் லாரியோடு பேசுவார். இப்படிப்பட்டவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் வாய் கட்டிப்போகும். அந்த ஆள் அவருடைய ஒரே மகன் ஸ்ரீஜித்.

ஸ்ரீஜித்துக்குச் சார்ஜாவில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை. வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்கு, கல்ஃப் போன எல்லாப் பிள்ளைகளையும் போல, ஐமோவில் முகம் காட்டி அம்மாவைக் கூப்பிடுவான். பகவதியம்மாளும் மகனும் பேச ஆரம்பித்தால் மீன்குழம்பில் புளி கூடியதிலிருந்து பக்கத்துத் தெருவில் கல்யாணம் முடங்கியது வரைக்கும் எல்லாம் வந்துவிடும். கடைசியில் அவள் கேட்பாள், "அப்பாட்ட குடுக்கட்டா மக்கா?"

போன் கை மாறும். வைகுண்டராஜன் அதை எட்டப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்பார்.

"சாப்பிட்டேன் அப்பா. நீங்க?"

"ஆச்சு."

அதற்கப்புறம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அவன் மேலே ஓடும் மின்விசிறியை இவர் கவனிப்பார். இவர் பின்னால் தொங்கும் காலண்டரை அவன் கவனிப்பான். "செரி, அம்மைட்ட குடுக்கேன்" என்று போனைத் திருப்பிக் கொடுத்ததும், முழு லோடோடு மலை ஏறி முடித்த வண்டி மாதிரி அவரிடமிருந்து ஒரு பெருமூச்சு வரும்.

மகன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. பாசம் வண்டி வண்டியாக இருந்தது. இறக்கி வைக்கத்தான் இடம் தெரியவில்லை. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளியின் பிள்ளையாகப் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே தடி லாரியில் கிளியாக ஏறியவர் அவர். கிளி என்றால் கிளீனர். ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கிற வேலை. அப்புறம் டிரைவரானார், அப்புறம் பழைய லாரி ஒன்றைச் சொந்தமாக்கி, முகப்பில் 'அய்யா துணை' என்று எழுதினார். இதற்கிடையில் ஒரு மகன் பிறந்து வளர்ந்துவிட்டான். பிறந்த செய்தி அவருக்குக் கொல்லத்தில் வைத்துக் கிடைத்தது. அவர் வீடு சேரும்போது பையன் தூங்கியிருப்பான், புறப்படும்போதும் தூங்கிக்கொண்டிருப்பான். தூங்குகிற பிள்ளையிடம் என்ன பேசுவது? அப்படியே பேசாமல் இருந்து இருந்து, பையன் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து விமானம் ஏறிய பிறகு பார்த்தால், கையில் ஒரு பேச்சும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நெற்றியில் நாமம் இட்டு, தலைப்பாகை கட்டி, அய்யாவைக் கும்பிடும் நிழல்தாங்கலில் போய் நிற்கும்போது அவர் அய்யாவிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வண்டியைக் கேட்க மாட்டார், லோடைக் கேட்க மாட்டார். அவனிடம் பேச எதையாவது கொடு என்று கேட்பார்.

அய்யா கொடுத்தார். ஆனால் தொல்லை மாதிரி கொடுத்தார்.

இரண்டாயிரத்துப் பதினேழில் பழைய லாரியை விற்றுவிட்டுப் புதியது எடுத்தார். புகை குறைந்த, கம்ப்யூட்டர் வைத்த எஞ்சின். ரோட்டில் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அவர் பிழைப்பு ரோட்டில் இல்லையே. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் எஸ்டேட்டுக்குள் தடி ஏற்றி, மண்பாதையில் செங்குத்தாக மேலேறி வந்தால்தான் ரோடு. அந்த ஏற்றத்துக்குப் பிலாமூட்டு ஏற்றம் என்று பெயர். பெயருக்கு ஏற்றாற்போல் பாதி வழியில் ஒரு பெரிய பலாமரம் நிற்கிறது. பழைய வண்டி கரும்புகை கக்கினாலும் முக்கி முனகி ஏறிவிடும். புது வண்டி பலாமரத்துக்குக் கீழேயே மூச்சு முட்டி நின்றது. நாலு பேர் இறங்கித் தடி குறைக்க வேண்டியதாயிற்று. பின்னால் வந்த லாரிக்காரன் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, மாப்பிள்ளை முறுக்கா இருக்காரு, மாடு பிடிக்க மாட்டாரோ?" என்று கேட்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நேரே திருவட்டார் ரோட்டில் இருக்கும் ஜெபசீலனின் பட்டறைக்கு ஓட்டினார். வண்டிகளின் மின்சார வேலையும் கம்ப்யூட்டர் வேலையும் பார்க்கிறவன் ஜெபசீலன். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம்.

"பழைய வண்டியில பம்ப்ல ஒரு ஸ்குரூ உண்டு. திருகுனா டீசல் கூடும், வண்டி பாயும். இதுல அது எங்கலே இருக்கு?" என்று கேட்டார் வைகுண்டராஜன்.

"இதுல ஸ்குரூ ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி. எவ்வளவு டீசல், எப்போ அடிக்கணும்னு எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள எழுதி வச்சிருக்கு. அத மாத்தி எழுதணும். அதுக்குப் பேரு டியூனிங்."

டியூனிங்கில் இரண்டு வழி உண்டு என்று விளக்கினான். ஒன்று டைனோ. கோயம்புத்தூரில் தரையில் பெரிய உருளைகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். வண்டியின் பின்சக்கரங்களை அதன்மேல் ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு முழுசாக மிதித்தால், சக்கரம் சுற்றும், உருளை சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். எஞ்சினின் இழுவை எவ்வளவு என்று திரையில் கோடாக வரும். பார்த்துப் பார்த்து மாற்றி ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். இன்னொன்று ரிமோட். டியூனிங் செய்கிறவர் எங்கேயோ இருப்பார். புது எழுத்தை ஒரு ஃபைலாக மெயிலில் அனுப்புவார். இங்கே அதை வண்டியில் ஏற்ற வேண்டும், லோடோடு ஓட்ட வேண்டும், ஓடிய கணக்கைப் பதிவு செய்யும் ஒரு சின்னக் கருவியைச் சொருகி, அந்தப் பதிவைத் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் பார்த்துவிட்டு இன்னொரு ஃபைல் அனுப்புவார். அப்படியே போகும்.

"என்கிட்ட கேட்டா டைனோதான். ஒரே நாள், ஒரே போக்கு" என்றான் ஜெபசீலன். "ஆனா எதுக்கும் ஒங்க மோன்ட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அவன் அங்க இந்த வேலைதானே பாக்கான்?"

வைகுண்டராஜன் திகைத்துப் போனார். மகன் லாரிப் பட்டறையில் இருக்கிறான் என்று தெரியும். அங்கே அவன் செய்வது இதுதான் என்று இதுவரை அவர் கேட்டதில்லை. ஜெபசீலனுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை பகவதியம்மாள் கேட்கும் முன்பே போனுக்குக் கை நீட்டினார். வண்டி கதையைச் சொன்னார். ஸ்ரீஜித் நிமிர்ந்து உட்கார்ந்தான். என்ன கியரில் ஏறினீர்கள், எத்தனை டன், புகை எப்படி என்று சரமாரியாகக் கேட்டான். பதில் சொல்லச் சொல்ல இவருக்கு உற்சாகம் வந்தது. கடைசியில் அவன் சொன்னான், "டைனோதான் நல்லது அப்பா. நான் இங்க டைனோலதான் செய்யுகேன். ரிமோட்ல செய்யலாம், ஆனா அது பெரிய மெனக்கேடு. ஒவ்வொரு ஃபைலுக்கும் நீங்க ஓட்டணும், வண்டி எப்படி இருந்துன்னு எனக்குச் சொல்லணும், நான் மாத்தணும். பத்து தடவையாவது நாம பேச வேண்டியிருக்கும்."

"பத்து தடவை பேசணுமா?"

"ஆமா அப்பா. அதான் சொல்லுகேன், அலச்சல்."

வைகுண்டராஜன் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. "ரிமோட்டே போதும்" என்றார்.

ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் வேறு நியாயம் சொன்னார். கோயம்புத்தூர் உருளைக்குப் பிலாமூட்டு ஏற்றம் தெரியுமா, நம்ம மண்ணில் நம்ம லோடோடு ஓட்டிப் பார்த்தால்தானே நிசம் என்று சந்தையில் நின்று வாதாடினார். வாதம் நன்றாகத்தான் இருந்தது. பகவதியம்மாள் மட்டும் முந்தானையால் சிரிப்பை மறைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

லீவில் ஊருக்கு வந்த ஒரு நண்பனிடம் ஸ்ரீஜித் அந்தச் சின்னக் கருவியைக் கொடுத்துவிட்டான். முதல் ஃபைல் வந்தது. ஜெபசீலன் ஏற்றினான். வைகுண்டராஜன் தடி நிறைய அடுக்கி, ஏற்றத்தின் அடியில் வண்டியை நிறுத்தி, மகன் சொன்னபடி ஒரே கியரில், கால் எடுக்காமல், அடியிலிருந்து உச்சி வரை மிதித்தார். வண்டி பலாமரத்தைத் தாண்டியது. சாயங்காலம் பேசினார்கள். இரண்டாவது ஃபைலில் இழுவை கூடியது, ஆனால் புகை அடித்துப் பின்னால் பைக்கில் வந்தவன் கரிச்சட்டி ஆனான். அதைப் பற்றி நெடுநேரம் பேசிச் சிரித்தார்கள். அப்பாவும் மகனும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் அந்த வீட்டில் அன்றுதான் முதல் தடவை கேட்டது. மூன்றாவதில் புகை அடங்கியது.

இதற்குள் வெள்ளிக்கிழமை கணக்கெல்லாம் போய்விட்டது. எப்போது பதிவு போகிறதோ அன்று சாயங்காலம் போன் வரும். வைகுண்டராஜன் குளித்து, தலை வாரி, நாமம் இட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு போன் முன் உட்காருவார். பெண் பார்க்கப் போனபோதுகூட அவர் இப்படி இருக்கவில்லை என்று பகவதியம்மாள் சொல்லிக் காட்டினாள். வண்டியில் ஆரம்பிக்கும் பேச்சு எங்கெங்கோ போயிற்று. போன புதிதில் அவனுக்கு எஞ்சின் வேலையே தரவில்லை, ஒரு வருஷம் முழுக்க டயர் கழுவினான், அம்மா அழுவாள் என்று மறைத்தான் என்பதை அப்படி ஒரு பேச்சில்தான் சொன்னான். "எனக்குச் சொல்லியிருக்கலாம்லா மக்கா. நானும் கழுவுனவன்தானே" என்றார்.

நான்காவது ஃபைலை ஏற்றி ஓட்டிய அன்றைக்கு, பிலாமூட்டு ஏற்றத்தில் வண்டி ஏறியது ஏற்றமா சமதளமா என்று தெரியவில்லை. புகை இல்லை. எஞ்சின் முனகவில்லை. உச்சியில் வண்டியை நிறுத்தி இறங்கி, முகப்பைத் தடவிக் கொடுத்தார். முப்பத்தைந்து வருஷம் ஸ்டியரிங் பிடித்தவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். வேலை முடிந்துவிட்டது. இதற்கு மேல் இந்த வண்டியில் திருத்த ஒன்றும் இல்லை.

மகனை நினைத்துப் பெருமை பொங்கியது. கூடவே ஒரு பயமும் வந்தது. வேலை முடிந்ததென்றால் பேச்சும் முடிந்தது. இனி வெள்ளிக்கிழமை, சாப்பிட்டியா, ஆச்சு, அம்மைட்ட குடுக்கேன்.

கருவியில் பதிவாகியிருந்ததை அழித்தார். லாரியை அப்படியே திருப்பி மறுபடியும் கீழே இறக்கினார். அடியிலிருந்து திரும்ப ஏறினார். பலாமரம் வந்ததும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை ஒரு இம்மி எடுத்தார். வண்டி கொஞ்சம் தளர்ந்தது. மரம் தாண்டியதும் பழையபடி மிதித்தார். அந்தப் பதிவைத்தான் ஜெபசீலனிடம் கொடுத்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். ஜெபசீலன் கேட்காமலேயே, "ஏதோ நடுவுல விடுத மாதிரி இருக்குடே" என்று இரண்டு தடவை சொன்னார்.

அன்று சாயங்காலம் ஸ்ரீஜித் திரையில் பதிவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தான். பிறகு, "அப்பா, ஏற்றத்துல பாதியில என்ன இருக்கு?" என்று கேட்டான்.

"என்னத்த இருக்கு? ஒரு பிலாமரம் நிக்குது. ஏன் கேக்கிய?"

"இல்ல, அந்த எடத்துல பவர் கொறையுது." நிறுத்தினான். "செரி, பரவால்ல. அடுத்த ஃபைல் அனுப்புகேன். ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. ஐந்தாவது ஃபைல் வந்தது. பலாமரத்தடியில் கால் எடுத்தார். ஆறாவது வந்தது. எடுத்தார். இருவரும் சாயங்காலந்தோறும் பலாமரத்தடியில் என்னதான் நடக்கிறது என்று தீவிரமாக ஆராய்ந்தார்கள். டீசல் அழுத்தமோ, காற்றோ, மேட்டின் சரிவோ என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல, இவர் கூச்சமே இல்லாமல் தலையாட்டினார். ஆராய்ச்சி முடிந்ததும் வேறு பேச்சு வரும். அப்படி ஒரு நாள் ஸ்ரீஜித் கேட்டான், "சின்னதுல நீங்க வந்து எனக்க பக்கத்துல நிப்பியள்லா?"

"எப்போ?"

"நான் தூங்கும்போ. லோடு எறக்கிட்டு வந்து, நேந்திரங்காய் சிப்ஸ் பொதிய தலையணைகிட்ட வச்சிட்டு, கொஞ்ச நேரம் நிப்பியளே."

வைகுண்டராஜன் போனைக் கிட்டக் கொண்டுவந்தார். "நீ தூங்கிட்டுல்லாலே இருந்த?"

"டீசல் வாடை வரும்போதே முழிச்சிருவேன் அப்பா. கண்ண முறுக்கி மூடிக்கிட்டுக் கெடப்பேன். எழும்பிட்டா நீங்க போயிருவியளோன்னு பயம்."

அன்றைக்கு மட்டும் போனை அவசரமாகப் பகவதியம்மாளிடம் கொடுத்துவிட்டு, லாரியின் டயரில் காற்று பார்க்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார். டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது.

ஃபைல் பத்தைத் தாண்டியதும் ஜெபசீலனுக்குப் பொறுமை போயிற்று. "அண்ணாச்சி, ஒங்க வண்டிக்கு ஃபைல் ஏத்தி ஏத்தியே எனக்க லேப்டாப் கெழடாயிட்டு. ஊர்ல உள்ளவன் எல்லாம் என்னையில்லா கேலி பண்ணுகான்? கோயம்புத்தூருக்கு லோடு வருதுன்னு சொன்னியள்லா, போற போக்குல டைனோல ஒரு தடவை ஏத்துங்க. கோளாறு வண்டியிலயா, ஃபைல்லயான்னு தெரிஞ்சிரும். எனக்குப் பழக்கப்பட்ட பட்டறைதான்" என்றவன், இதுவரை வந்த எல்லா ஃபைல்களையும் ஒரு பென் டிரைவில் போட்டு அவர் சட்டைப் பையில் திணித்தான். மறுக்க நியாயம் எதுவும் அகப்படவில்லை. டைனோதான் நல்லது என்று சொல்லும் ஆட்களின் தொல்லையே இதுதான், அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும்.

கோயம்புத்தூர் போகும் வழியெல்லாம் அவருக்குத் தூக்கம் இல்லை, பேச்சும் இல்லை. உருளைமேல் பலாமரம் கிடையாது. அங்கே கால் எடுத்தால் பட்டறைக்காரன் கண்முன்னால் தெரிந்துபோகும். எடுக்காவிட்டால் கோடு சுத்தமாக வரும். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று மகனுக்குச் சேதி போகும். வேலை மெனக்கெட்டு ராப்பகலாக ஃபைல் எழுதிய பிள்ளையை அப்பன் ஏமாற்றியிருக்கிறான் என்று தெரிந்தால் அவன் என்ன நினைப்பான்? இனி எந்த முகத்தோடு போன் முன்னால் உட்காருவது?

தடியை இறக்கிவிட்டுப் பட்டறைக்குப் போனார். கூப்பிய கை இறக்காமல் வரவேற்ற பட்டறைக்காரர், வண்டியை உருளைமேல் ஏற்றிச் சங்கிலி போட்டார். "நீங்களே மிதிங்கண்ணா" என்றார். வைகுண்டராஜன் அய்யாவை நினைத்துக்கொண்டு மிதித்தார். லாரி கர்ஜித்தது. ஓரடி நகரவில்லை. திரையில் கோடு அழகாக எழும்பி, ஒரு சுருக்கம் இல்லாமல் வளைந்து இறங்கியது.

"அருமையாப் பண்ணியிருக்காங்க. இதுல கை வைக்க ஒண்ணுமே இல்லீங்க" என்றார் பட்டறைக்காரர். பிறகு அடியில் ஓடிய இன்னொரு கோட்டைத் தொட்டுக் காட்டினார். "பாருங்க, நீங்களும் கால் எடுக்காம மிதிச்சிருக்கீங்க."

"அது என்ன கோடு?"

"பெடலுங்கண்ணா. உங்க கால் எவ்வளவு மிதிக்குதோ அது அப்படியே வரும்."

வைகுண்டராஜன் திரையை ஒட்டிக் குனிந்தார். பழைய வண்டியில் கால் மிதிப்பது காலுக்கும் கம்பிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். "இது, ரோட்டுல ஓட்டிப் பதிவு பண்ணி அனுப்புவோமே, அதுலயும் வருமா?"

"வராமங்களா? முதல்ல பாக்குறதே அதைத்தானுங்க."

அப்படியென்றால் அவனுக்குத் தெரியும். முதல் தடவை கால் எடுத்த அன்றே தெரியும். ஏற்றத்தில் பாதியில் என்ன இருக்கிறது என்று கேட்டானே, அப்போதே தெரிந்துதான் கேட்டிருக்கிறான். வெட்கத்தில் மனிதர் வியர்த்துப் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அவர் கொடுத்த பென் டிரைவைச் சொருகிப் பார்த்துக்கொண்டிருந்த பட்டறைக்காரர், திடீரென்று முகம் மாறினார். குரலைத் தாழ்த்தினார். "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. ஃபைலுக்கு இவ்வளவுன்னு இவரு காசு வாங்கறாருங்களா?"

"எதுக்கு?"

"உங்களை ஏமாத்தறாருங்க. நாலாவது ஃபைலோட வேலை முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் வந்தது அத்தனையும் அதே ஃபைலுதான். ஒரு எழுத்துகூட மாத்தலை. பேரை மட்டும் அஞ்சு, ஆறு, ஏழுன்னு மாத்தி மாத்தி அனுப்பிச்சிருக்காரு. யாருங்க இந்த ஆளு?"

வைகுண்டராஜன் திரையைப் பார்த்தார். ஒரே அளவு, ஒரே எழுத்து, வரிசையாக நின்றன. அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண்ணில் நீர் வந்தது. துண்டால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. பட்டறைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார்.

"எனக்க மோனாக்கும்" என்றார் வைகுண்டராஜன். அதற்கு மேல் விளக்கம் கொடுக்கவில்லை.

வெளியே வந்து, லாரியின் நிழலில் நின்றுகொண்டு போனை எடுத்தார். இத்தனை வருஷத்தில் அவராக மகனை அழைத்தது கிடையாது. பகவதியம்மாள் அழைப்பாள், அல்லது அவன் அழைப்பான். ஐமோவில் அவன் படத்தைத் தேடித் தொட்டார். ஒரே மணியில் எடுத்தான். பின்னால் பட்டறைச் சத்தம், முகத்தில் கிரீஸ்.

"என்ன அப்பா? வண்டிக்கு என்ன? அம்மைக்கு ஒண்ணும் இல்லியே?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல. அம்மைக்கும் ஒண்ணும் இல்ல." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சும்மா விளிச்சேன் மக்கா."

அவன் எழுந்து எங்கோ அமைதியான இடத்துக்கு நடந்தான். திரையில் வானமும் சுவரும் ஆடின.

"நான் இப்போ டைனோல இருந்து வாறேன்" என்றார். "பெடலுக்கு ஒரு கோடு உண்டாமே."

ஸ்ரீஜித் தலையைக் குனிந்தான். இருபத்தெட்டு வயசுப் பிள்ளைக்கு, மாங்காய் திருடி அகப்பட்ட முகம். "உண்டு அப்பா."

"ஒனக்கு முதல்லயே தெரியும், என்ன?"

"தெரியும்."

"பின்ன ஏன்டே சொல்லல்ல?"

"சொன்னா நீங்க நிறுத்திருவியளே அப்பா."

வைகுண்டராஜன் லாரியின் படியில் உட்கார்ந்தார். தலையணை ஓரத்தில் கண்ணை முறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்த ஒரு சின்னப் பையன் அவருக்கு அப்போதுதான் தெரிந்தான். அவன் தூங்கவே இல்லை என்று தெரியாமல், இத்தனை வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறார்.

"இனி கால் எடுக்க மாட்டேன்" என்றார். "வண்டிய நீ நாலாவதுலயே செரியாக்கிட்ட. எனக்குத் தெரியும். இனி சும்மாதான் விளிப்பேன். ஒனக்கு வேல இருந்தா எடுக்காண்டாம்."

"எடுப்பேன் அப்பா."

அதற்கப்புறம் பழைய மௌனம் வந்து நடுவில் உட்காரப் பார்த்தது. பழக்கதோஷம், அவர் வாய் தானாகவே, "செரி, அம்மைட்ட…" என்று ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் பகவதியம்மாள் இல்லை. அவள் குலசேகரத்தில் இருக்கிறாள்.

ஸ்ரீஜித் சிரித்துவிட்டான். "குடுக்காண்டாம் அப்பா. நீங்களே பேசுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வசதியாகச் சாய்ந்தார். "சாப்பிட்டியா மக்கா?" என்று கேட்டார். "என்ன சாப்பிட்ட, அதச் சொல்லு முதல்ல."